ஸ்கொட்லாந்துக்கு எதிராக ஒரு சதம்: சமரி அத்தபத்துவும் நமது பெண் பிள்ளைகளும்

 

இது கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள்.

சென்ற தவணையில் எங்கள் பாடசாலைக்குப் பெண் பிள்ளைகளுக்கான மென்பந்து கிரிக்கெட் போட்டி ஒன்றுக்கு அழைப்பு வந்தது. பதினொரு பேர் வேண்டும். முதல் நாளே பதினான்கு பேர் பெயர் கொடுத்தார்கள். பெற்றோரின் சம்மதக் கடிதத்தைக் கொடுத்தனுப்பினோம். கையொப்பத்துடன் திரும்பி வந்தவை நான்கு. அணி போகவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் நடந்தது, கல்வியியல் கல்லூரிக்குப் போன பிறகுதான் நாங்கள் ஒரு துடுப்பைக் கையில் பிடித்துப் பார்த்தோம்.

கடிதம் வராத ஒரு பிள்ளை, தரம் 8, இடைவேளை நேரம் வந்து கேட்டது: "டீச்சர், ஸ்காஃப் போட்டுக்கிட்டு இன்டர்நெஷனல் மெச் விளையாட ஏலுமா?" ஏலும் என்று சொன்னோம். "யாரு விளையாடியிருக்காங்க?" என்று அடுத்த கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டது.

2024 மே மாதம் 7ஆம் திகதி, அபுதாபி. மகளிர் ரி20 உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் இலங்கை, மறு பக்கம் ஸ்கொட்லாந்து. அரையிறுதியில் வென்றதோடு இரண்டு அணிகளுக்கும் உலகக் கிண்ணத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஸ்கொட்லாந்துப் பெண்களுக்கு அது முதலாவது உலகக் கிண்ண வாய்ப்பு. ஆகவே இறுதி ஆட்டம் பெயருக்குத்தான். ஆனால் நமது அணித்தலைவி சமரி அத்தபத்து அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. 63 பந்துகளில் 102 ஓட்டங்கள். இலங்கை 169, ஸ்கொட்லாந்து 101. வெற்றி 68 ஓட்டங்களால்.

ஸ்கொட்லாந்து என்றால் மலையகத்தில் இருக்கும் நமக்கு அந்நியமான பெயரா? டன்சினன், ஹோல்றூட், பெல்மோரல், எடின்பரோ, அபோட்ஸ்போர்ட். நமது பிள்ளைகள் தினமும் விலாசமாக எழுதும் தோட்டப் பெயர்களில் பாதி அங்கிருந்து வந்தவை. 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். 1890இல் இங்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் கிளாஸ்கோ நகரத்துக் கடைக்காரர். துரைமார் தேயிலையோடு கிரிக்கெட்டையும் கொண்டுவந்தார்கள். டிக்கோயா தரவளையிலும் ராதல்லையிலும் அவர்களது கழக மைதானங்கள் இன்றும் இருக்கின்றன. இந்த மலைகளில் அவ்வளவு சமதரையை வேறெங்கும் காண்பது அரிது. அந்தத் தரையை வெட்டிச் சமப்படுத்திய கைகள் யாருடையவை என்று நாம் சொல்லத் தேவையில்லை. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பிள்ளைகள் லயத்து முற்றத்தில், சரிவில், பந்து கானுக்குள் போனால் அவுட் என்ற சட்டத்தோடு விளையாடினார்கள். அதிலும் ஆண் பிள்ளைகள் மட்டும். பெண் பிள்ளைகளுக்குக் கானுக்குள் இறங்கிப் பந்தை எடுத்துக் கொடுக்கும் வேலை.

சரி, சமரிக்கு வருவோம். அதற்கு முன் அவருக்கு முன்னால் போனவர்களையும் சொல்ல வேண்டும்.

இலங்கை மகளிர் அணி தனது முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டியை 1997 நவம்பரில் கொழும்பில் நெதர்லாந்துடன் ஆடியது. ஆண்கள் உலகக் கிண்ணத்தை வென்று ஒரு வருடம் கடந்திருந்த நேரம். நாடே கிரிக்கெட் பைத்தியம் பிடித்துக் கிடந்தது, ஆனால் பெண்கள் அணி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. அடுத்த வருடம், 1998 ஏப்ரலில், கொழும்பு கோல்ட்ஸ் மைதானத்தில் நமது பெண்கள் ஒரு டெஸ்ட் போட்டி ஆடினார்கள். 309 ஓட்டங்களால் வெற்றி. சாமனி செனவிரத்ன ஆட்டமிழக்காமல் 105 ஓட்டங்கள் எடுத்து, ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகளும் வீழ்த்தினார். இலங்கைப் பெண்கள் ஆடிய ஒரேயொரு டெஸ்ட் போட்டி அதுதான். முதலும் கடைசியும். வென்ற அணிக்கு இரண்டாவது டெஸ்ட் ஒன்று கிடைக்கவில்லை. சாமனி பிற்காலத்தில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குச் சென்று, நாற்பது வயதை நெருங்கும்போது அந்த நாட்டு அணிக்காகவும் ஆடினார்.

அந்த டெஸ்டில் எதிரணி யார் தெரியுமா? பாகிஸ்தான். அதன் தலைவி ஷைஸா கான். அவரும் சகோதரி ஷார்மீன் கானும்தான் அந்த நாட்டு மகளிர் அணியை உருவாக்கியவர்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. விட்டுவிடவில்லை. 2004இல் கராச்சியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்டில் ஷைஸா 13 விக்கெட்டுகள் எடுத்தார். அதே போட்டியில் கிரண் பலூச் 242 ஓட்டங்கள் அடித்தார். மகளிர் டெஸ்டில் ஒருவர் பெற்ற மிகக் கூடிய ஓட்டம் அது. இருபது வருடங்கள் தாண்டியும் அதை யாரும் முந்தவில்லை. "நமது பெண்களுக்கு இதெல்லாம் சரிவராது" என்று சொல்லும் வாப்பாமார் அந்த 242 என்ற எண்ணைக் கொஞ்சம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சமரி 1990 பெப்ரவரி 9இல் பிறந்தவர். குருநாகல் மாவட்டம், கொகரெல்ல. கொழும்பு அல்ல, கண்டி நகரமும் அல்ல. 1996 உலகக் கிண்ணத்தின்போது அவருக்கு ஆறு வயது. இடக்கை ஆட்டக்காரி. 2009இல் தேசிய அணிக்கு வந்தார்.

முதலில் பெரிய வெற்றி என்று சொல்லக்கூடியது 2013 பெப்ரவரி 1, மும்பை பிரபோர்ன் மைதானம். உலகக் கிண்ணப் போட்டி. எதிரணி அப்போதைய உலகச் சம்பியன் இங்கிலாந்து. இலங்கைக்குத் தேவை 239. சமரி 62 எடுத்துத் தொடக்கம் கொடுத்தார். ஈஷானி லொக்குசூரியகே 41 பந்துகளில் 56 அடித்தார். ஓட்டங்கள் சமம், ஒரு விக்கெட் மீதம், ஒரு பந்து மீதம். டிலானி மனோதரா அந்தப் பந்தை ஆறு ஓட்டமாக அடித்தார். நான்கு நாள் கழித்து இந்தியாவையும் 138 ஓட்டங்களால் தோற்கடித்தார்கள். ஆண்கள் அணி இப்படி வென்றிருந்தால் ஹட்டன் நகரில் பட்டாசு வெடித்திருக்கும். அன்று எத்தனை பேருக்கு இது தெரிந்தது? எங்களுக்குத் தெரியாது. பல வருடங்களுக்குப் பிறகுதான் பார்த்தோம்.

அடுத்தது 2017 ஜூன் 29, இங்கிலாந்தின் பிரிஸ்டல். உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை 257 ஓட்டங்கள் எடுத்தது. அதில் சமரி மட்டும் ஆட்டமிழக்காமல் 178. மற்ற எல்லோரும் உதிரிகளும் சேர்ந்து 79. கணக்குப் பாட ஆசிரியர்கள் வகுப்பில் வீதம் கற்பிக்க இந்த உதாரணத்தை எடுக்கலாம்: நூற்றுக்கு 69 வீதம் ஒரே ஆளுடைய ஓட்டம். அப்படியும் இலங்கை தோற்றது. அவுஸ்திரேலியத் தலைவி மெக் லானிங் 152 எடுத்து எட்டு விக்கெட்டால் வென்றுவிட்டார்.

2019 செப்டெம்பரில் சிட்னியிலும் அதே கதை. அதே அவுஸ்திரேலியா, ரி20 போட்டி, சமரி 113. ரி20யில் இலங்கைப் பெண் ஒருவரின் முதல் சதம் அது. அணி தோல்வி.

சமரியின் வாழ்க்கையில் நம்மை மிகவும் யோசிக்க வைப்பது இந்தக் காலம்தான். நன்றாக ஆடியும் தோற்றுக்கொண்டே இருந்த காலம். ஒருநாள் போட்டிகளில் சதம் அடித்த ஒரே இலங்கைப் பெண்ணாக அவர் நீண்ட காலம் தனியாக நின்றார். 2024 ஓகஸ்டில் பதினெட்டு வயது விஷ்மி குணரத்ன பெல்பாஸ்டில் அயர்லாந்துக்கு எதிராக 101 அடிக்கும் வரை இரண்டாவது ஆள் இல்லை. எல்லாப் பாரத்தையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, மற்றவர்களைப் பழக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த வருடங்கள் சாட்சி.

பிறகு கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் அவுஸ்திரேலியாவில் ரி20 உலகக் கிண்ணம் முடிந்து திரும்பிய நமது பெண்கள், 2021 நவம்பர் வரை ஒரு சர்வதேசப் போட்டிகூட ஆடவில்லை. ஏறத்தாழ இருபது மாதங்கள். அந்த நவம்பரில் சிம்பாப்வேக்கு உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிக்குப் போனார்கள். ஒமிக்ரோன் காரணமாகப் போட்டித் தொடரே இடையில் கைவிடப்பட்டது. தரவரிசையைப் பார்த்து அணிகளைத் தெரிவு செய்தார்கள். ஆடாமல் இருந்த இலங்கைக்குத் தரவரிசை எங்கே இருந்து வரும்? 2022 உலகக் கிண்ணம் இலங்கைப் பெண்கள் இல்லாமலே நடந்தது. இணையவழிக் கற்பித்தல் காலத்தில் மலையில் ஏறி சிக்னல் தேடிய நமது பிள்ளைகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. பாடம் கிடைக்காதவனையும் அதே பரீட்சைப் புள்ளியால்தான் அளந்தார்கள்.

2022, நாம் எல்லோரும் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற வருடம். அந்த ஒக்டோபரில் ஆசியக் கிண்ண அரையிறுதியில் பாகிஸ்தானை ஒரு ஓட்டத்தால் வென்று இறுதிக்குப் போனார்கள். இறுதியில் 65 ஓட்டங்களுக்குச் சுருண்டு இந்தியாவிடம் தோல்வி. 2004 முதல் 2008 வரை நான்கு தடவை, இதோடு ஐந்தாவது தடவை, இந்தியாவிடம் கிண்ணத்தை இழந்து திரும்பினார்கள்.

அதன் பிறகுதான் காற்று மாறியது. 2023இல் காலியில் நியூஸிலாந்துக்கு எதிரான ஒருநாள் தொடரை 2-1 என வென்றார்கள். கடைசிப் போட்டியில் சமரி 80 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 140. அந்தத் தொடரோடு ஒருநாள் துடுப்பாட்டத் தரவரிசையில் உலகில் முதலிடம். இலங்கைப் பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. செப்டெம்பரில் இங்கிலாந்து மண்ணில் ரி20 தொடர் வெற்றி. அந்த வருடத்துக்கான ஐசிசியின் சிறந்த ஒருநாள் வீராங்கனை விருதும் அவருக்கே.

இதற்கு இடையில் நடந்த ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவுஸ்திரேலியாவின் பிக் பாஷ் தொடருக்கு 2023இல் வெளிநாட்டு வீராங்கனைகளைத் தெரிவு செய்தபோது எந்த அணியும் சமரியை எடுக்கவில்லை. பின்னர் சிட்னி தண்டர் அணி மாற்று வீராங்கனையாகக் கூப்பிட்டது. போனார். அந்தத் தொடரின் சிறந்த வீராங்கனை விருதோடு திரும்பினார். இந்தியாவின் பிரீமியர் லீக் ஏலத்திலும் முதலில் விலைபோகாமல், பிறகு மாற்று ஆளாகத்தான் சேர்க்கப்பட்டார்.

2024 ஏப்ரல் 17, தென்னாபிரிக்காவின் பொச்சஃப்ஸ்ட்ரூம். தென்னாபிரிக்கா 301. லோரா வோல்வார்ட் மட்டும் 184. மகளிர் ஒருநாள் போட்டிகளில் அதுவரை எந்த அணியும் 300க்கு மேல் துரத்தி வென்றதில்லை. சமரி 139 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 195. இருபத்தாறு நான்குகள், ஐந்து ஆறுகள். மறுபுறம் நிலக்‌ஷி டி சில்வா நிதானமாக நின்று அரைச்சதம் அடித்தார். முப்பத்து மூன்று பந்துகள் மீதமிருக்க வெற்றி, அன்றைய திகதியில் அது உலக சாதனை. பிரிஸ்டலில் 178 எடுத்துத் தோற்ற அதே ஆள், ஏழு வருடங்கள் கழித்து, மறுபுறம் நிற்க ஒருத்தி கிடைத்த அன்று வென்றார். இந்த 195இன் மூன்றாவது வாரத்தில்தான் ஸ்கொட்லாந்துக்கு எதிரான 102.

இப்போது தரம் 8 பிள்ளையின் கேள்விக்கு வருகிறோம்.

அந்தத் தகுதிகாண் தொடருக்கு வந்த ஸ்கொட்லாந்து அணியில் அப்தஹா மக்சூத் என்றொரு சுழற்பந்து வீச்சாளர் இருந்தார். 1999இல் கிளாஸ்கோவில் பிறந்தவர், பெற்றோரின் பூர்வீகம் பாகிஸ்தான். லெக் ஸ்பின் போடுவார். ஹிஜாப் அணிந்துகொண்டுதான் போடுவார். லிப்டன் பிறந்த அதே கிளாஸ்கோவில், பொலொக் கிரிக்கெட் கழகத்தில் ஆடிப் பழகியவர். டைக்வொண்டோவில் கறுப்புப் பட்டி. 2014 கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டு விழாவில் கொடி ஏந்தியவர்களில் ஒருவர். 2018இல் ஸ்கொட்லாந்துக்காக சர்வதேச ரி20 ஆட ஆரம்பித்தார். 2021இல் இங்கிலாந்தின் 'ஹண்ட்ரட்' தொடரில் பர்மிங்ஹாம் பீனிக்ஸ் அணிக்கு ஆடியபோது, அந்தத் தொடரில் ஹிஜாபுடன் ஆடிய முதல் பெண் என்று எழுதினார்கள். இதற்கெல்லாம் இடையில் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவமும் படித்தார். "விளையாடினால் படிப்புக் கெட்டுவிடும்" என்று சொல்பவர்களுக்கு அந்தக் கடைசி வரி.

அவர் ஆடும் அணியின் தலைவி கெத்ரின் பிரைஸ். தங்கை சாரா விக்கெட் காப்பாளர். ஐசிசி தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்த முதல் ஸ்கொட்லாந்து நாட்டவர் கெத்ரின்தான், ஆண்களையும் சேர்த்து. குளிர் நுவரெலியாவைவிட அதிகமாகவும், மழையும் மூடுபனியும் வழக்கமாகவும் உள்ள ஊர் அது. கிரிக்கெட்டுக்கு ஏற்ற காலநிலை இல்லை என்று நாம் இங்கே சொல்லும் சாக்கை அவர்கள் சொல்லவில்லை. உலகக் கிண்ணத்தில் ஆடிய நான்கு போட்டிகளிலும் தோற்றார்கள் என்பது உண்மைதான். இலங்கையும் அதே உலகக் கிண்ணத்தில் நான்கிலும் தோற்றது.

தலையை மூடுவது பற்றிய வாதம் மைதானத்தில் எப்போதோ முடிந்துவிட்டது. கால்பந்தில் 2014இல் அனுமதி வந்தது, கூடைப்பந்தில் 2017இல். மார்க்கம் பற்றிய கேள்வியை உலமாக்களிடம் கேளுங்கள், நாங்கள் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதியில் இல்லை. ஆனால் ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப்போட்டி வைத்த செய்தி அபூதாவூதில் இருப்பது மத்ரசாவுக்குப் போகும் நமது பிள்ளைகளுக்கே தெரியும். ஒரு தடவை அன்னை வென்றார்கள், பின்னொரு தடவை நபியவர்கள் வென்றார்கள். பயணம், மாற்றுடை, கூடவரும் பெண் ஆசிரியை, திரும்பும் நேரம் என்று பெற்றோர் கேட்கும் கேள்விகள் நியாயமானவை. அவற்றுக்குப் பதில் வைத்திருப்பது எங்கள் பொறுப்பு, சென்ற முறை அதைக் கடிதத்தில் எழுதாமல் விட்டது எங்கள் பிழை.

2024 ஜூலை 28, ரங்கிரி தம்புள்ளை. மீண்டும் ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியா. இந்தியா 165. சமரி 61 எடுத்துவிட்டு ஆட்டமிழந்தார். முந்தைய வருடங்களாக இருந்தால் அத்தோடு தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுப் போயிருப்போம். ஆனால் ஹர்ஷிதா சமரவிக்ரம ஆட்டமிழக்காமல் 69 எடுத்து, எட்டு பந்துகள் மீதமிருக்க முடித்துவைத்தார். அன்று பந்து வீசிய உதேஷிகா பிரபோதனிக்கு வயது 38.

அந்தப் பதினொரு பேரின் ஊர்களைப் பார்த்தால், பெரும்பாலும் நம்மைப் போன்ற சாதாரண ஊர்ப் பிள்ளைகள். ஆனால் தேயிலை மலையிலிருந்து ஒருவரும் இல்லை. தமிழ் பேசும் பிள்ளை ஒருவரும் இல்லை. நமது பிள்ளைகளுக்கு உடம்பில் குறை ஒன்றும் கிடையாது. காலையும் மாலையும் படி ஏறி இறங்கும் கால்கள், பாடசாலை விட்டு வந்து விறகு தூக்கும் தோள்கள். எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் காப்பாளர் கைக்கு ஒரே எறியில் பந்தைக் கொண்டுவரும் பிள்ளை ஒன்று தரம் 9இல் இருக்கிறது. யாரும் பழக்கவில்லை, கானுக்குள்ளிருந்து மேலே பந்தை எறிந்தெறிந்து வந்த பழக்கம்.

அழைப்பு இந்தத் தவணையும் வந்திருக்கிறது. திங்கட்கிழமை பிள்ளைகளிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறோம். இந்த முறை புறப்படும் நேரம், திரும்பும் நேரம், கூடவரும் ஆசிரியைகள் இருவரின் தொலைபேசி இலக்கம், உடை எல்லாம் அதில் இருக்கிறது: முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, விரும்புவோர் ஸ்காஃப். உம்மாமாரில் ஒருவரோ இருவரோ கூட வரலாம், வேனில் இடம் உண்டு. கையொப்பமிட வேண்டிய இடம் கீழே, இடது பக்கம். வியாழக்கிழமைக்கு முன் அனுப்பிவையுங்கள்.